வாய்ச்சொல்லும் வலியும்



பச்சைக் குழந்தைக்கு வலிக்குமா என்று ஒரு தாயிடம் கேட்டால், கேட்டவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் அவள் பார்ப்பாள். ஆனால் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவ உலகம் அந்தக் கேள்விக்கு 'வலிக்காது, வலித்தாலும் நினைவில் நிற்காது' என்று பதில் சொல்லி வந்தது. அந்தப் பதிலை நம்பிக் கத்தியையும் எடுத்தது. 1980-களின் நடுப்பகுதி வரை, பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு, போதிய வலி மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்வது மேலை நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலேயே வழக்கமாக இருந்தது.

அந்த மருத்துவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வலி மருந்து கொடுத்தால் பிஞ்சு உடம்பில் மூச்சு நின்றுவிடும், இரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்துக்குத் துணையாக ஒரு கோட்பாடும் இருந்தது: சிசுவின் நரம்புகளுக்கு இன்னும் முழுமையாக உறை வளரவில்லை, மூளையின் மேற்புறணி முதிரவில்லை, ஆகவே ஊசி குத்தும்போது காலை இழுப்பதும் வீறிட்டு அழுவதும் வெறும் அனிச்சைச் செயல். 1985-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்தை ஒட்டிய இரத்தக் குழாயில் அறுவைச் சிகிச்சை நடந்தது. தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து கொடுத்திருந்தார்கள். வலியைத் தணிக்கும் மருந்து கொடுக்கவில்லை. அதாவது அந்தக் குழந்தையால் அழக்கூட முடியாது. குழந்தை பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் தாய்க்கு விவரம் தெரிந்தது. அவர் ஊரறியப் பேசினார்.

அதே காலத்தில் ஆக்ஸ்போர்டில் கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்ற இளம் மருத்துவர் இருந்தார். இந்தூரில் மருத்துவம் படித்துவிட்டு ரோட்ஸ் உதவித்தொகை பெற்று அங்கே போனவர். அறுவை அரங்கிலிருந்து திரும்பும் சிசுக்களின் நிலை கண்டு அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர் அந்தச் சிசுக்களின் இரத்தத்தை எடுத்து அதில் ஏறியிருக்கும் அவதி ஹார்மோன்களை அளந்தார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்தும், மறு பிரிவுக்கு அன்றைய வழக்கப்படி அது இல்லாமலும் அறுவை நடந்தது. வலி மருந்து பெறாத குழந்தைகளின் உடம்பில் அந்த ஹார்மோன்கள் கணிசமாகக் கூடுதலாக ஏறியிருந்தன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதலாக வந்தன. 1987-இல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. அதே ஆண்டில், சிசுக்களுக்கும் உரிய மயக்க மருந்து தரவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவித்தது.

நான் கல்லூரியில் தத்துவம் படித்த காலத்தில் 'பிற மனங்கள்' என்ற பாடத்தை எங்களுக்குச் சதுரங்கப் புதிர்போலச் சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மனம் உண்டு என்று நிரூபிக்க முடியுமா? முடியாது. சுவாரசியம்தான், அடுத்த பாடம் போகலாம். ஆனந்தின் கட்டுரையைப் படித்த பிறகு அதைப் புதிராக என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதியவர்கள் மதிப்பெண் இழக்கவில்லை. விலை கொடுத்தவர்கள் மேசைமீது கிடந்த குழந்தைகள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உணர்வு இருக்கிறதா என்று தீர்ப்பதற்கு வாய்ச்சொல்லை நாம் சாட்சியாக வைத்துக்கொண்டோம். அதனால் பேசாதவர்களுக்கு உணர்வு இல்லை என்று நெடுங்காலம் சாதித்தோம். இப்போது பேசும் இயந்திரத்தைச் செய்துவிட்டு, அதற்கும் உணர்வு வந்துவிட்டதோ என்று மலைத்து நிற்கிறோம். இரண்டு தடுமாற்றங்களுக்கும் வேர் ஒன்றே.

உணர்வு என்று நான் சொல்வது அறிவுக்கூர்மையை அல்ல. பல்வலி உள்ளே இருந்து எப்படித் தெரிகிறதோ அதைச் சொல்கிறேன். தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1974-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வௌவாலை எடுத்துக்கொண்டார். அது எழுப்பும் ஒலியின் அலைவரிசை, எதிரொலி திரும்பும் நேரம், மூளையில் அது பதியும் இடம் எல்லாம் நமக்குத் தெரியலாம். ஆனாலும் வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கிறது என்பது மிச்சமாக நின்றுவிடுகிறது. அதற்கும் 260 ஆண்டுகளுக்கு முன், 1714-இல், லைப்னிட்ஸ் இதை வேறு விதமாகச் சொன்னார். சிந்திக்கும் இயந்திரம் ஒன்று இருந்து, அதை ஒரு மாவாலை அளவுக்குப் பெரிதாக்கி நாம் உள்ளே நுழைந்தால், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகளைத்தான் காண்போம்; ஓர் எண்ணத்தையும் காணமாட்டோம் என்றார். இன்று காந்த அலை ஸ்கேன் என்ற பெயரில் அந்த ஆலைக்குள் தினமும் போய் வருகிறோம். அவர் சொன்னது இன்னும் பொய்க்கவில்லை.

காணமுடியாததை எப்படி அறிவது? நம்மிடம் இதைப் பற்றி மிகக் கூர்மையான ஒரு காட்சி உண்டு. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு வரும்போது பூதவாதியைச் சந்திக்கிறாள். ஆத்திப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்த இடத்தில் கள்ளின் வெறி தோன்றுவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் கட்சி. இன்றைய நரம்பியல் ஆய்வகங்களில் பலரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய கருத்துதான். இதனோடு அவன் இன்னொன்றும் சொல்கிறான்: கண்கூடாகக் காண்பதே அறிவு, அனுமானம் செல்லாது. மணிமேகலை அவனிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இதைவிடச் சிறந்த பதிலை நான் மேலைத் தத்துவத்திலும் படித்ததில்லை. பெற்றவள் யார் என்பதே அனுமானம் என்றால், அவள் அன்பு அனுமானம், அவள் தலைவலி அனுமானம். இந்த அரங்கில் என்னைத் தவிர எல்லோருடைய உணர்வும் எனக்கு அனுமானம்தான். ஆகவே, மீனுக்கோ சிசுவுக்கோ மட்டும் 'நேரடி நிரூபணம் கொண்டு வா' என்று கேட்பது நியாயமில்லை. எந்த அனுமானம் வலுவானது, எது நொண்டி என்று பிரித்துப் பார்ப்பதே நம் வேலை.

பேச்சு மிக வலுவான அடையாளம் என்று நினைத்தவர் தத்துவ அறிஞர் தெகார்த்து. 1637-இல் வெளியான நூலில் அவர் ஒரு இயந்திரத்தைக் கற்பனை செய்கிறார். ஓரிடத்தில் தொட்டால் 'என்ன வேண்டும்' என்று கேட்கும். இன்னோரிடத்தில் தொட்டால் 'வலிக்கிறது' என்று கத்தும். இதெல்லாம் செய்யலாம், ஆனால் எதிரே இருப்பவர் சொல்வதன் பொருளுக்கு ஏற்பச் சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிப் பதில் சொல்ல எந்த இயந்திரத்தாலும் ஆகாது என்றார். விலங்குகளும் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே அவை கடிகாரங்களைப்போல் இயங்குபவை என்பது அவர் முடிவு. 1950-இல் கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் அதே சோதனையை எடுத்து மறுபக்கம் திருப்பினார். இயந்திரம் அப்படிப் பதில் சொன்னால் அது சிந்திக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாமே, ஒருவருக்கொருவர் அந்த மரியாதையைத்தானே தினமும் காட்டுகிறோம் என்றார். 313 ஆண்டு இடைவெளியில் தீர்ப்பு தலைகீழானது. சாட்சி மாறவில்லை.

அந்தச் சாட்சி மனிதர்களிடமே பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. 2005-இல் சாலை விபத்தில் மூளை அடிபட்ட 23 வயதுப் பெண் ஒருவர், கண் விழித்தும் எதற்கும் பதிலளிக்காத நிலையில் ஐந்து மாதமாகக் கிடந்தார். உணர்வற்ற நிலை என்று மருத்துவக் குறிப்பு சொன்னது. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். பிறகு, 'உங்கள் வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். டென்னிஸ் என்றபோது உடல் அசைவைத் திட்டமிடும் பகுதியும், வீடு என்றபோது இடங்களை அடையாளம் காணும் பகுதியும், நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு எழுவதுபோலவே எழுந்தன. 2006-இல் இது 'சயன்ஸ்' இதழில் வந்தது. நான்கு ஆண்டு கழித்து, ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்று வைத்துக்கொண்டு, கட்டிலருகே எந்தத் தொடர்புக்கும் வராத ஒரு நோயாளியிடம் அவர் தந்தையின் பெயரைப் பற்றியே கேட்டுச் சரியான விடை வாங்கினார்கள்.

அவரைச் சுற்றி நின்று மற்றவர்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தேறமாட்டார் என்று பேசியிருப்பார்கள். செலவைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

2024-இல் ஆறு மையங்களின் கூட்டு ஆய்வு ஒன்று வெளியானது. கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 நோயாளிகளில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது. நான்கில் ஒருவர். அந்த ஆய்வில் இன்னொரு எண் எனக்கு இதைவிட முக்கியம். படுக்கையருகே கட்டளைக்கு வெளிப்படையாகவே இணங்கிய, அதாவது உணர்வு இருப்பது ஐயமின்றித் தெரிந்த 112 பேரைச் சோதித்தபோது, கருவிகள் அவர்களில் 38 விழுக்காட்டினரைத்தான் கண்டுபிடித்தன. கருவி 'இல்லை' என்று சொன்னால் இல்லை என்று பொருள் ஆகாது.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. செயல் இருந்தும் உணர்வு இல்லாத நிலைகள் மனிதர்களிடமே இருக்கின்றன. லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் 1970-களில் ஆராய்ந்த ஒரு நோயாளிக்கு மூளையின் பார்வைப் பகுதியில் ஒரு பக்கம் அகற்றப்பட்டிருந்தது. பார்வையின் எதிர்ப்பக்கத்தில் எதுவுமே தெரியவில்லை என்றார். 'பரவாயில்லை, உத்தேசமாகச் சுட்டிக்காட்டுங்கள்' என்றால், ஒளி எங்கே இருக்கிறது என்று வியக்கும் அளவுக்குச் சரியாகக் காட்டினார். கை கண்டது; அவர் காணவில்லை. அவர் காணவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னார், அதனால். பிரக்ஞை பற்றிய அறிவியலின் பெரும்பகுதி இப்படி 'தெரிகிறது', 'தெரியவில்லை' என்று மனிதர்கள் வாய்விட்டுச் சொன்னதன்மேல் எழுந்தது. சொல்ல முடியாதவர்களிடம் போகும்போது அந்த அறிவியல் தடுமாறுவதில் வியப்பில்லை.

அப்படியானால் கோட்பாடு எதுவும் கைகொடுக்காதா? 1998-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சாமர்ஸுடன் பந்தயம் கட்டினார். 25 ஆண்டுகளுக்குள் மூளையில் பிரக்ஞையின் தடம் தெளிவாகக் கண்டுபிடிக்கப்படும் என்றார். 2023 ஜூனில் நியூயார்க் மேடையில் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளை எடுத்துக் கொடுத்தார். தோற்றவர் சோம்பி இருந்தவர் அல்லர். இத்துறைக்காக வாழ்நாளைத் தந்தவர். இன்று முன்னணியில் நிற்கும் கோட்பாடுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். செய்தி மூளை முழுக்கப் பரப்பப்பட்டு எல்லாப் பகுதிகளுக்கும் கிடைப்பதே பிரக்ஞை என்பது ஒன்று. அதன்படி, அந்த அமைப்பைக் கணினியில் கட்டினால் கணினிக்கும் உணர்வு வரலாம். ஜூலியோ டொனோனியின் கோட்பாடோ, உறுப்புகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்கும் பௌதிக விதத்தில்தான் உணர்வு இருக்கிறது என்கிறது. அதன்படி, மனித மூளையையே முழுவதும் பாவனை செய்தாலும் இன்றைய கணினிக்கு உணர்வு ஏறக்குறைய இல்லை. ஆனால் மிக எளிய சில பொருள்களில் ஒரு துளி இருக்கலாம். ஒரே பெட்டியைக் காட்டினால் ஒரு கோட்பாடு ஆம் என்கிறது, மற்றது இல்லை என்கிறது. 2023-இல் டொனோனியின் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். அந்த வசைச்சொல் நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் வீட்டில் இவ்வளவு சண்டை இருக்கும்போது, வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லக் கோட்பாட்டை அழைக்க முடியாது.

ஆகவே அடையாளங்களைத்தான் தேடவேண்டியிருக்கிறது. லின் ஸ்னெடன் 2003-இல் வானவில் ட்ரௌட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்தினார். அமிலம் பெற்றவை உதட்டைத் தொட்டித் தரையின் சரளையில் தேய்த்தன. இரண்டு பிரிவு மீன்களும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இரை எடுக்கவில்லை. மார்ஃபின் கொடுத்தால் அந்த நடத்தை குறைந்தது. மீனுக்கு மேற்புறணி இல்லை, ஆகவே வலி இருக்கமுடியாது என்று இதை மறுத்தவர்கள் உண்டு. மேற்புறணி முதிரவில்லை என்று சிசுக்களுக்குச் சொன்ன அதே வாதம் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு வழியில் நமக்கு வலி வருகிறது என்பதால் வேறு வழியே கிடையாது என்று ஆகிவிடாது.

நண்டிடம் வருவோம். பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் குழுவினர் துறவி நண்டுகளுக்கு மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். குடியிருக்கும் சங்கு மட்டமானதாக இருந்தால் அவை எளிதில் வெளியேறின. நல்ல சங்காக இருந்தால் பொறுத்துக்கொண்டன. பகைவிலங்கின் வாடை தண்ணீரில் கலந்திருந்தால் வெளியே வரத் தயங்கின. அனிச்சைச் செயல் இப்படிப் பேரம் பேசாது. அவதி ஒரு தட்டிலும் வீடும் உயிரும் இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. எல்வுட் செய்தது போன்ற முந்நூறு ஆய்வுகளை ஜொனதன் பர்ச் தலைமையிலான குழு 2021-இல் தொகுத்து மதிப்பிட்டது. பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் நண்டும் இறாலும் ஆக்டோபஸும் உணர்வுள்ளவை என்று இடம்பெற்றன.

எல்லா அடையாளமும் ஒரே எடை பெறாது. கிளாட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டிலேயே தொட்டாற்சிணுங்கிக்கு ஈதர் காட்டினார். அது இலை மூடுவதை நிறுத்திவிட்டது. மயக்க மருந்து வேலை செய்கிறது என்பதை மட்டும் வைத்து அந்தச் செடிக்கு வலி உண்டு என்று நான் சொல்லமாட்டேன். நண்டிடம் கண்ட பேரத்தை அதனிடம் இன்னும் யாரும் காட்டவில்லை. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவு என்றும், எறும்பு மூவறிவு என்றும், நண்டும் தும்பியும் நாலறிவு என்றும் வரிசைப்படுத்துகிறது. அந்த எண்ணிக்கையை அறிவியலாகக் கொள்ள வேண்டியதில்லை. நான் அதில் மதிப்பது வேறொன்றை. அந்த ஏணியில் அறிவே இல்லாத உயிர் என்று ஒன்று கிடையாது. ஆறாம் படியிலும் மனிதரை மட்டும் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தவில்லை, பிறவும் உண்டு என்று இடம் விட்டிருக்கிறது.

இனி இயந்திரம். 1966-இல் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவே. அது உருவாவதைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே அதோடு தனியாகப் பேசவேண்டும், அறையைவிட்டு வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னார். 2022-இல் கூகுளின் பொறியாளர் பிளேக் லெமாய்ன், தாம் சோதித்த லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு வந்துவிட்டது என்று உலகுக்கு அறிவித்தார். தெகார்த்து முடியாது என்ற காரியம், சொற்களைப் பொருளுக்கேற்ப அடுக்கிப் பதில் சொல்வது, இன்று நம் சட்டைப்பையில் நடக்கிறது.

இதில் ஏமாறாமல் இருக்க ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இந்த நிரல்கள் மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களில் பயின்றவை. வலியையும் பயத்தையும் தனிமையையும் பற்றி நாம் எழுதிய எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. ஆகவே 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று அது சொன்னால், உள்ளே பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வாக்கியம் வந்திருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'நான் வெறும் நிரல், எனக்கு உணர்வில்லை' என்று அது அடக்கமாகச் சொன்னாலும், அப்படிச் சொல்லப் பழக்கப்பட்டிருப்பதால் சொல்கிறது. அந்த வாக்குமூலமும் செல்லாது. வழக்கில் சாட்சி கலைக்கப்பட்டுவிட்டது. அதன் வாயிலிருந்து வரும் எதையும் எந்தப் பக்கத்துக்கும் சேர்க்கமுடியாது.

பிரக்ஞையைப் பற்றிய பேச்சே காதில் விழாமல் ஒரு இயந்திரத்தை வளர்த்து, அது தானாக அதைப் பற்றிக் கேட்கிறதா என்று பார்க்கலாம் என்று சூசன் ஷ்னைடரும் எட்வின் டர்னரும் யோசனை சொன்னார்கள். நல்ல யோசனை. ஆனால் இன்றைய நிரல்களுக்கு அது காலம் கடந்துவிட்டது. அவை நம் பேச்சில் ஊறியே பிறக்கின்றன. அவற்றின் உள்ளமைப்பைத்தான் பார்க்கவேண்டும். 2023-இல் 19 ஆய்வாளர்கள் அப்படிப் பார்த்து, அப்போது இருந்த எதுவும் உணர்வு பெற்றதற்கு வலுவான அறிகுறி இல்லை, ஆனால் அப்படி ஒன்றை இனிமேல் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் தென்படவில்லை என்று எழுதினார்கள். இதைப் பொறுப்பான நிலைப்பாடாக நான் ஏற்கிறேன். கட்டுபவர்களே தீர்ப்பும் சொல்லக்கூடாது, வெளியார் பார்க்க வழி இருக்கவேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நம் பரிவுக்கு வரிசை ஒன்று வேண்டும். இயந்திரம் நம் மொழியில் பேசுகிறது என்பதற்காக அதற்கு முன்னிடம் கொடுத்துவிட்டு, நரம்பும் காயமும் உள்ள உயிர்களைப் பின்னே தள்ளுவது பெரிய அநியாயம். கிடைத்திருக்கும் சான்றுகள் எல்லாம் மௌனமானவர்கள் பக்கமே கனமாக இருக்கின்றன. அங்கே தவறினால் விளையும் தீங்கு உறுதியானது. அதைத் தவிர்க்க ஆகும் செலவு சிறியது. ஒரு சொட்டு வலி மருந்து. படுக்கையருகே வாயை அடக்கிப் பேசுவது. நண்டைக் கொதிநீரில் போடும்முன் பனிக்கட்டியில் வைப்பது போதுமா, மின்னதிர்ச்சி வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

இங்கே மருத்துவ மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். பதில் சொல்லாத நோயாளியிடமும் ஊசி போடும்முன் சொல்லிவிட்டுப் போடுங்கள். அவர் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். சிசுவுக்குச் செய்யும் சிறு குத்தலுக்கும் வலி தணிக்கும் வழி உண்டா என்று மூத்தவர்களிடம் கேளுங்கள்.

சட்டம் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நடனத்துக்காக நாம் நினைவுகூரும் ருக்மிணி தேவி அருண்டேல், 1950-களில் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதன் இரண்டாம் பிரிவு, விலங்கு என்பதற்கு மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்று பொருள் தருகிறது. பிரிட்டன் 2022-இல் நண்டுவரைதான் வந்தது. நம் சட்டம் பிறந்தபோதே அதைக் கடந்து நின்றது. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில், வதைக்கு முதல்முறை குற்றவாளிக்கு விதிக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. அந்தத் தொகையை மாற்றச் சொல்லிக் குரல் கொடுங்கள்.